மாலை அல்லது இரவு வேளையில்

பகல் பதினொன்றரை.
உலர் குமிழில் முப்பத்தேழு தசம் இரண்டு.
ஈரக் குமிழில் இருபத்து நான்கு தசம் ஆறு.
பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கண்ணாடிக் குச்சிகள்,
ஒன்றுக்கு மட்டும் நனைந்த துணி.
இரண்டுக்கும் இடையில் பன்னிரண்டரைப் பாகைக்கு மேல்.
எரியக் காத்திருப்பதெல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது:
கந்தளாய் வாய்க்கால் ஓரத்து இலுக்கு,
தம்பலகாமத்து அரிதாள்,
வெருகல் வரை நீளும் மேய்ச்சல் தரை,
யாரோ வேலியில் மறந்துவிட்ட கிடுகு.

'கச்சான்' என்று பதிவேட்டில் எழுதினேன்.
புதிதாய் வந்த பயிலுநன் சிரித்தான்:
"ஒரு சரை என்ன விலை, அக்கா?"
இது கொறிக்கிற கச்சான் இல்லை, தம்பி.
கொறிபடுவது நாங்கள்.
மலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தையெல்லாம் இறக்கிவிட்டு
வெறுங்கையோடு இங்கே வருகிற காற்று.
வந்த வீட்டில்
செம்புத் தண்ணீரையும் விட்டுவைக்காது.

இரண்டு மணிக்குள் எதிர்வுகூறல் போக வேண்டும்.
மேற்கே மேகம் காலூன்றிவிட்டது,
அடி கறுப்பு, தலை இன்னும் வளர்கிறது.
'மாலை அல்லது இரவு வேளையில் ஓரிரு இடங்களில்
இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.'
பதினொரு வருடமாய் இதே வசனம்.
அல்லது. ஓரிரு. கூடும்.
எனக்குச் சம்பளம் இந்த மூன்றுக்கும்தான்.

கிண்ணியாவிலிருந்து லாபீர் எடுத்தார்:
"நெல்லு ரோட்டில காயுது மிஸ், மூட படங்கு காணாது.
மழை இல்லையெண்டு ஒருக்காச் சொல்லுங்க."
வெருகலிலிருந்து கதிராமத்தம்பி:
"எழுபது மாடு. புல்லு கரகரெண்டு நிக்குது.
ஒரு பாட்டம் எண்டாலும் பெய்யுமோ?"
இருவருக்கும் ஒரே மேகம்,
ஒரே 'கூடும்'.
இருவரும் நன்றி சொல்லி வைத்தார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு நானே எடுத்தேன்.
வண்டி ஒன்றுதான் என்றார் ரெஜினோல்ட்,
அதுவும் டவுனுக்கு. பவுசர்
குடிதண்ணீர் கொண்டு போயிருக்கிறது.

ஆகவே இன்னொரு வசனம் சேர்த்தேன்:
'மழையின்றி மின்னல் மட்டும் விழலாம்.
காய்ந்த புல்லில் நெருப்புப் பற்றலாம்.'
கொழும்பிலிருந்து திரும்பி வந்தது.
அப்படியொரு வசனம் வழக்கத்தில் இல்லையாம்.
மூன்று மொழியிலும் இல்லாமல் போனது.

ஐந்து நாற்பதுக்கு இடி.
ராடார் படத்தில் மழை இருந்தது.
மேகத்தை விட்டு இறங்கியும் இருந்தது,
பாதி வழி.
நரைத்த வால்போலத் தொங்கி
தரைக்கு மேலே அந்தரத்தில் தேய்ந்து முடிந்தது.
மின்னலுக்குப் பாதி வழி என்று ஒன்றில்லை.
வெருகலுக்கு மேற்கே ஒரு பனை
உச்சியிலிருந்து கீழாக எரிந்தது.
பிறகு இலுக்கு.
பிறகு
கச்சான் போன பக்கமெல்லாம்.

இரவு, பட்டியின் கடப்பைத் திறந்து
மாடுகளை ஆற்றுக்குள் இறக்கினாராம் கதிராமத்தம்பி.
விடிய எண்ணிப் பார்த்தால் அறுபத்தாறு.
மிச்சம் நாலையும் நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை. இருமிக்கொண்டே இருந்தார்.

லாபீர் எடுத்தபோது ஏழு மணி.
"உங்கட வாக்குப் பலிச்சிட்டு மிஸ்,
ஒரு சொட்டு விழல்ல!"
வாக்கு. நான் அவருக்கு
ஒரு வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

எட்டரைக்கு மழைமானியைக் கவிழ்த்தேன்.
செத்த எறும்பு ஒன்று விழுந்தது.
பயிலுநன் ஈரக் குமிழுக்குப் புதுத் துணி சுற்றினான்;
அவன் கை எடுக்குமுன்னே
ஓரம் காயத் தொடங்கிற்று.
"இண்டைக்கு என்ன அக்கா எழுதுறது?"

நேற்று வெட்டுப்பட்டதை எடுத்து
முதல் வரியில் வைத்தேன்.
'கூடும்' வந்த இடத்தில் 'பற்றும்' என்று திருத்தினேன்.
மழையைக் கீழே இறக்கினேன்.
கொழும்பு திருப்பி அனுப்பட்டும்.
லாபீருக்கும் கதிராமத்தம்பிக்கும்
அதற்கு முன்னமே போன் எடுத்தாயிற்று.